சேணமும் அமானிதமும்

பேருந்திலோ புகைவண்டியிலோ ஏறி அமர்ந்தவுடன் நம் வீட்டுப் பெரியவர்கள் மெல்லிய குரலில் ஒரு துஆவை ஓதுவதை நாம் கேட்டிருக்கிறோம். வாகனத்தை வசப்படுத்தித் தந்தவனைத் துதித்து, அது நம் சொந்த ஆற்றலால் ஆனதன்று என ஒப்புக்கொள்ளும் துஆ அது. திருக்குர்ஆனின் 43ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துஸ் ஸுக்ருஃபிலிருந்து எடுக்கப்பட்டது. கப்பலையும் கால்நடையையும் ஒருசேரக் குறிப்பிட்டு, அவற்றின் முதுகுகளில் நிலையாக அமர்ந்தபின் இறைவனின் அருளை நினைவுகூருமாறு அங்கே பணிக்கப்படுகிறோம்.

'முதுகு' என்ற சொல்லை நாம் எளிதில் கடந்து விடுகிறோம். பேருந்துக்கு முதுகு இல்லை. ஆகவே நோவும் இல்லை. ஆனால் அந்த வசனம் இறங்கிய காலத்தில் வாகனம் என்பது பெரும்பாலும் உயிருள்ள ஒன்று. அதன் முதுகில் தோலும் தசையும் எலும்பும் இருந்தன. ஏறி அமர்ந்தவன் அருளை நினைத்தான். சுமந்து நின்ற உயிர் எதை நினைத்தது என்பதை அதனால் சொல்ல இயலாது. அந்த முதுகுக்கும் மனிதனுக்கும் இடையே வைக்கப்பட்ட பொருள்தான் சேணம்.

அந்தச் சேணத்தை எவ்வாறு அளந்து செய்தார்கள், பொருந்தாதபோது எவ்வாறு திருத்தினார்கள், குறைக்குப் பொறுப்பு யாருடையதென நம் சட்ட நூல்கள் கருதின என்பனவற்றை முதலில் காண்போம். பின்னர், நாம் பெருமையோடு பேசுகிற காயல் துறையின் குதிரை வணிகத்தை அதே அளவுகோல் கொண்டு நோக்குவோம்.

சேணத்தின் அமைப்பு

தொடக்கத்தில் சேணம் என்பது வெறும் திண்டுதான். சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பஸிரிக் என்னுமிடத்துப் பனியில் உறைந்த கல்லறைகளிலிருந்து இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேணங்கள் கிடைத்துள்ளன. முதுகெலும்பின் இருபுறமும் படியுமாறு தைத்துத் திணிக்கப்பட்ட இரண்டு மெத்தைகளே அவை. எலும்பின்மீது சுமை விழலாகாது, இருபக்கத் தசைகளே சுமக்க வேண்டும் என்ற உண்மையை அந்த நாடோடி மக்கள் அன்றே அறிந்திருந்தனர்.

அங்கவடி தோன்றியபின் நிலைமை மாறியது. சீனத்தில் கி.பி. 4ஆம் நூற்றாண்டிலேயே அங்கவடி வழக்கில் இருந்ததைக் கல்லறைப் பொருள்கள் காட்டுகின்றன. அங்கவடியில் காலூன்றி எழுந்து நிற்கும் வீரனின் எடை முழுவதும் இரண்டு வார்களின் வழியே இரண்டு சிறு இடங்களில் இறங்குகிறது. அதை முதுகெங்கும் பரப்பித் தர உறுதியான மரச்சட்டம் தேவை. அச்சட்டத்துக்கு முன்னே ஒரு வளைவு, பின்னே ஒரு வளைவு, அவற்றை இணைக்கும் இரு பக்கப் பலகைகள், அவற்றின் அடியில் கம்பளி மயிர் திணித்த இரு மெத்தைகள், மேலே தோல். இதுவே பல நாடுகளிலும் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் சேணத்தின் அமைப்பு.

குறை கண்டு திருத்தும் பழக்கமும் பழமையானதே. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் புகழ்பெற்ற தளபதி அல்-முஹல்லப் இப்னு அபீ ஸுஃப்ராவைப் பற்றி எழுத்தாளர் அல்-முபர்ரத் ஒரு செய்தி தருகிறார். அக்கால அரபு வீரர்கள் மரத்தாலான அங்கவடிகளையே பயன்படுத்தினர். போரில் அடிபட்டால் அவை ஒடிந்துவிடும். வாளை ஓங்க எழும் வீரனுக்குக் காலூன்ற இடமிராது. அதைக் கண்ட முஹல்லப், இரும்பால் அங்கவடி செய்யுமாறு பணித்தார் என்பது அச்செய்தி. ஏறுபவனின் குறை இவ்வாறு விரைவில் தெரிந்து விடுகிறது. அவனுக்கு வாய் இருக்கிறது. சுமப்பதன் குறையை அறிவதற்கோ தனிக் கல்வி வேண்டியிருந்தது.

அளந்து செய்யும் முறை

கால் அளவைக் கொண்டு செருப்புத் தைப்பதுபோல, முதுகின் அளவைக் கொண்டே நல்ல சேணம் செய்யப்படும். குதிரையைச் சமதரையில் நான்கு கால்களும் நேராக ஊன்ற நிறுத்துவர். கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தில் ஒரு மேடு உண்டு. அம்மேட்டுக்குச் சற்றுப் பின்னேயும், முதுகின் நடுவிலும், சேணம் முடியும் இடத்திலும் வளையும் ஈயப் பட்டையை அழுத்தி, அதன் வடிவத்தைத் தாளில் வரைந்து கொள்வர். தோள்பட்டை எலும்பு அசையும் இடத்தை விட்டு அதன் பின்னேதான் சட்டம் தொடங்க வேண்டும். கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்பின்மீது அது நீளலாகாது. முதுகெலும்பின் மேலே முன்னிருந்து பின்வரை வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஓர் இடைவழி இருத்தல் வேண்டும்.

ஒரு குதிரைக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்தாது. அரபுக் குதிரைக்கு முதுகு குட்டையானது. சிலவற்றுக்கு விலா எலும்புகளே ஓர் இணை குறைவு. மேடு தாழ்ந்து, முதுகு அகன்று இருக்கும். நீண்ட முதுகும் உயர்ந்த மேடும் உடைய குதிரைக்கெனச் செய்த சேணத்தை அதன்மீது வைத்தால், முன்புறம் நெருக்கும். பின்புறம் இடுப்பில் இடிக்கும். விலை உயர்ந்த சேணம் என்பதால் அந்த இடி குறைந்துவிடாது.

பொருந்தாமை பல வகைப்படும். சட்டம் குறுகியிருந்தால் மேட்டின் இருபுறமும் கிடுக்கி போலப் பிடிக்கும். அகன்றிருந்தால் முன்பக்கம் தாழ்ந்து எலும்பின்மீது குந்தும். முன்னும் பின்னும் மட்டும் தொட்டு, நடுவே பாலம் போலத் தொங்கினால் நான்கு முனைகளில் எடை முழுதும் விழும். நடு மட்டும் தொட்டால் ஊஞ்சல் போல ஆடித் தோலை உராயும்.

வாய்பேசாத உயிர் இவற்றை எப்படித் தெரிவிக்கும்? அது தெரிவிக்கத்தான் செய்கிறது. சேணத்தைக் கண்டதும் காதைப் பின்னே மடக்கும். வாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்பும். ஏறும் நேரத்தில் முதுகைத் தாழ்த்தும். முரட்டுத்தனம் என்று நாம் பெயரிட்டு அடிப்பது பல சமயம் ஒரு முறையீடாகவே இருக்கும். ஓடி வந்தபின் சேணத்தைக் கழற்றினால் வியர்வைத் தடம் முறையீட்டை எழுதிக் காட்டும். முதுகு முழுதும் நனைந்திருக்க, மெத்தை படிந்த இடத்தில் ஒரு திட்டு மட்டும் உலர்ந்திருந்தால், அங்கே அழுத்தம் மிகுந்து வியர்வைச் சுரப்பியே அடங்கிப்போயிற்று என்று ஐயுற வேண்டும். அதையும் கவனியாது விட்டால் அவ்விடத்தில் வீக்கமும் புண்ணும் வரும். ஆறியபின் அங்கே முளைக்கும் மயிர் வெண்மையாகி, வாழ்நாள் முழுதும் சாட்சியாக நிற்கும்.

திருத்தும் வழிகளும் உண்டு. மெத்தையின் கம்பளியைப் பிரித்து, மிகுந்த இடத்தில் எடுத்து, குறைந்த இடத்தில் நிரப்பலாம். வாரின் இடத்தை மாற்றலாம். ஆனால் சட்டமே பிழையானால் பஞ்சு அதை மூடி மறைக்குமேயன்றித் தீர்க்காது. குறுகிய சேணத்தின் கீழ்க் கனத்த கம்பளி விரிப்பது, இறுகிய செருப்புக்குள் இன்னொரு துணியைச் சுற்றிக் காலை நுழைப்பதற்கு ஒப்பாகும். அப்போது சட்டத்தை மாற்றுவது ஒன்றே வழி. இன்னொன்றும் கருதத்தக்கது: குதிரையின் உடல் நிலையானதன்று. தீனி குறைந்தால் மெலியும். உழைப்பில் தசை திரளும். வயதில் முதுகு குழியும். ஆகவே சேணம் ஒருமுறை வாங்கி முடித்துவிடும் பொருளன்று. வாங்கியவர் தொடர்ந்து பார்த்துவர வேண்டிய பொறுப்பு அது.

சட்ட நூல்களில் சேணம்

செய்து தரச் சொல்லிப் பொருள் வாங்குவதை ஃபிக்ஹு நூல்கள் 'இஸ்திஸ்னா' என்று அழைக்கின்றன. இல்லாத பொருளை விற்கலாகாது என்பது பொது விதி. ஆயினும் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் காலுறைகளையும் பாத்திரங்களையும் அளவு கொடுத்துச் செய்வித்து வந்ததை முன்னிட்டு, ஹனஃபி அறிஞர்கள் இதை அனுமதித்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் இது தனி ஒப்பந்தமாக ஏற்கப்படாமல், முன்பணம் முழுதும் கொடுத்து வாங்கும் 'ஸலம்' விதிகளுக்குள் அடங்க வேண்டும் என்பர்.

செய்து முடித்த பொருள் திருப்தி தராவிடில் என்ன செய்வது? பார்த்தபின் ஏற்கவோ மறுக்கவோ வாங்குபவருக்கு உரிமை உண்டு என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. சொன்ன அளவின்படியே செய்து கொடுத்துவிட்டால் கைவினைஞரை நட்டத்தில் விடலாகாது என்பது அவர்களின் மாணவர் இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. 1869 முதல் 1876 வரை துருக்கியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' சட்டம் இந்தப் பிந்திய வழியையே தழுவி, ஒப்பந்தம் இருவரையும் கட்டும் என்றும், சொன்னபடி அமையாவிடில் வாங்குபவருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்றும் வகுத்தது. அளவைச் சரியாகச் சொல்வது வாங்குபவரின் கடமை. அதற்கு இணங்கச் செய்வது கைவினைஞரின் கடமை. ஒருவர் தவற்றை மற்றவர் தலையில் சுமத்த இதில் இடமில்லை.

இந்த இருவருக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று நிற்கிறது. அதுவே சுமக்கும் உயிர். அதைப் பற்றியும் நம் நூல்கள் பேசாமல் இல்லை. ஃபர்கானாவைச் சேர்ந்த இமாம் புர்ஹானுத்தீன் அல்-மர்கீனானி (ரஹ்) அவர்கள் (மறைவு 1197) எழுதிய 'ஹிதாயா' நம் மத்ரஸாக்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வருவது. அதில் வாடகை பற்றிய பகுதியில் ஒரு வினா எழுப்பப்படுகிறது. ஒருவர் சேணத்தோடு ஒரு கழுதையை வாடகைக்கு எடுக்கிறார். அந்தச் சேணத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டுகிறார். கழுதைக்குக் கேடு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? அத்தகைய கழுதைகளுக்கு வழக்கமாகப் பூட்டும் சேணமாயின் அவர்மீது பொறுப்பில்லை. அத்தகையவற்றுக்குப் பூட்டப்படாத சேணமாயின் அவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று விடை கூறப்படுகிறது.

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அங்கே கேள்வி சேணத்தின் விலை பற்றியதன்று. அழகு பற்றியதும் அன்று. பொருத்தம் பற்றியது. பொருந்தாத சேணம் பூட்டுவது ஒரு குற்றம் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அதன் வேர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையில் இருக்கிறது. பசியால் வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்ட அவர்கள், வாய்பேசாத இவ்வுயிர்கள் விஷயத்தில் இறைவனை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். நிற்கும் பிராணியின் முதுகை மேடையாக்கி அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதையும் தடுத்தார்கள். இவ்விரு செய்திகளும் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. முதுகு நமக்குத் தரப்பட்டது. ஆனால் அமானிதமாகத் தரப்பட்டது.

இந்த உணர்வு ஒரு கலையாகவும் தொழிலாகவும் வளர்ந்தது. சேணம் செய்பவர் 'ஸர்ராஜ்' எனப்பட்டார். 'கிதாபுல் லுமஃ' எழுதிய சூஃபி அறிஞர் அபூ நஸ்ர் அஸ்-ஸர்ராஜ் (மறைவு 988) தாங்கி நிற்கும் பெயர் அதுவே. குதிரை வைத்தியர் 'பைத்தார்' எனப்பட்டார். கெய்ரோ நகரின் ஸுவைலா வாயிலுக்குத் தெற்கே, சேணத் தொழிலாளரின் பெயரால் 'ஸுரூஜிய்யா' என்று ஒரு தெருவே அமைந்தது. மம்லூக் சுல்தான் அந்-நாஸிர் முஹம்மதின் குதிரை வைத்தியராயிருந்த அபூபக்ர் இப்னு பத்ர், குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் ஒன்றாகத் தொகுத்து ஒரு பெருநூல் எழுதினார். சுல்தானின் பெயரால் அது 'நாஸிரி' என வழங்கலாயிற்று. அந்தச் சுல்தான் முதன்முதலில் அரியணை ஏறிய ஆண்டு 1293. இந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

காயல் துறையில்

ஏறத்தாழ அதே ஆண்டில்தான் வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினார். அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சி. ஹொர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் காயலில் வந்து தங்குவதை அவர் குறிப்பிடுகிறார். கிஷ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்-தீபி. அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக உயர்ந்தவர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் விவரப்படி, ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளில் ஆண்டுக்கு 1400ஐ அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். இக்குறிப்புகளை நம் வரலாற்று நூல்கள் பெருமையோடு எடுத்துரைக்கின்றன. அந்தப் பெருமை நியாயமானதே. அயல்நாட்டு முஸ்லிம் ஒருவரைத் தமிழ் மன்னன் அமைச்சராக ஏற்றதும், நம் கடற்கரை உலக வணிகத்தின் வாயிலாக விளங்கியதும் சிறிய செய்திகளல்ல.

ஆனால் அதே இரு ஆசிரியர்களும் அடுத்து எழுதுவதை நாம் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவதில்லை. மன்னனும் அவன் சகோதரர் நால்வரும் ஆளுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்குகின்றனர். ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. பேணத் தெரியாமையே அதற்குக் காரணம் என்கிறார். மேலும் ஒரு கடுங்குற்றச்சாட்டையும் வைக்கிறார்: குதிரை வைத்தியர்கள் அந்நாட்டுக்குச் செல்லாதவாறு வணிகர்களே பார்த்துக்கொண்டனர், குதிரைகள் மடிய மடியத்தானே மறு ஆண்டு வணிகம் நடக்கும்!

வஸ்ஸாஃப் பழியை வாங்கியவர்மீது வைக்கிறார். கப்பலிலிருந்து இறங்கிய குதிரைகளை நாற்பது நாள் லாயத்தில் கட்டிப் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். பின்னர் பழக்குதலும் இன்றி, அங்கவடி முதலிய சாதனங்களும் இன்றி, வீரர்கள் அவற்றின்மீது பாய்ந்தேறி ஓட்டுகிறார்கள். மிகச் சிறந்த குதிரைகளும் சில நாளில் வலிவிழந்து பயனற்றுப் போகின்றன என்பது அவர் கூற்று.

ஒருவர் நேரில் வந்தவர். மற்றவர் பாரசீகத்திலிருந்து எழுதியவர். ஒருவர் விற்றவரைக் குறை கூறுகிறார், மற்றவர் வாங்கியவரை. எண்களில் மிகை இருக்கலாம். நம் கரையின் புழுக்கமும் பழகாத தீனியும் பாலைநிலத்துக் குதிரைக்கு ஒவ்வாதவை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு செய்தியில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்: குதிரை வந்தது, குதிரையைப் பற்றிய அறிவு அதனோடு வரவில்லை. கெய்ரோவில் ஒரு தெரு நிறையச் சேணத் தொழிலாளர் இருந்த அதே தலைமுறையில், குதிரை மருத்துவம் பெருநூலாக எழுதப்பட்ட அதே காலத்தில், காயலில் இறங்கிய குதிரைக்கு ஒரு ஸர்ராஜும் ஒரு பைத்தாரும் வாய்க்கவில்லை.

ஏன் வாய்க்கவில்லை என்பதற்கு வஸ்ஸாஃபின் ஒரு குறிப்பு வெளிச்சம் தருகிறது. கடலில் இறந்துபோகும் குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு விதி. ஹனஃபி, ஷாஃபிஈ நூல்களின் பொது விதிப்படி, வாங்குபவர் கையில் சேருமுன் அழிந்த பொருளின் நட்டம் விற்றவரையே சாரும். அவ்விதி இங்கே தலைகீழாயிற்று. குதிரை பிழைத்தாலும் விலை உண்டு; இறந்தாலும் விலை உண்டு. அதன் முதுகைப் பற்றிக் கவலைப்பட விற்றவருக்குக் காரணமில்லை. மறு ஆண்டு புதிய குதிரை வரும் என்ற துணிவில் வாங்கியவருக்கும் காரணமில்லை. இருவர் நடுவே நின்ற உயிர் கணக்கிலிருந்தே விடுபட்டுப் போயிற்று.

போர்க்களம் கற்பித்த பாடம்

இது பாண்டிய நாட்டின் குறை மட்டுமன்று. அறிவும் நூலும் மிகுந்த காலத்திலும் இதே தவறு நிகழ்ந்தது. பிரித்தானியப் படையின் கால்நடை மருத்துவர் ஃபிரெடரிக் ஸ்மித் 1891இல் சேணங்களையும் முதுகுப் புண்களையும் பற்றித் தனி நூலே எழுதியிருந்தார். முதுகின் அமைப்பு, அழுத்தம் விழும் இடங்கள், திருத்தும் வழிகள் யாவும் அறியப்பட்டிருந்தன. எனினும் 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரித்தானியத் தரப்பில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன. நெடுங்கடல் கடந்து இறங்கியவற்றை இளைப்பாற விடாமல் உடனே களத்துக்கு அனுப்பினர், தீனி போதவில்லை, சுமை மிகுந்தது, நோய் பரவியது, மெலிந்த முதுகில் சேணம் பொருந்தாமல் புண்ணாயிற்று. அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் காயலின் கதையே மீண்டும் அரங்கேறியது எனலாம்.

அந்தப் பாடத்துக்குப் பின், 1912ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட படைச் சேணத்தில் முன்வளைவும் பின்வளைவும் எஃகால் செய்யப்பட்டு, பக்கப் பலகைகள் சற்றே அசைந்து கொடுக்குமாறு பூட்டப்பட்டன. குதிரை மெலிந்தாலும் கொழுத்தாலும் முதுகின் சாய்வுக்கேற்பப் பலகைகள் தாமே திரும்பிப் படியும். அடியில் விரிக்கும் கம்பளத்தின் மடிப்புகளையும் கூட்டிக் குறைத்துக் கொண்டனர். குதிரையைச் சேணத்துக்கேற்ப வளைத்தது போய், சேணம் குதிரைக்கேற்ப வளைந்தது.

நம் நாட்டில் இக்கலையின் தலைநகர் கான்பூர். 1857 எழுச்சிக்குப் பின் படைக்கு வேண்டிய சேணங்களைச் செய்ய அங்கே அரசுத் தொழிற்சாலை அமைந்தது. கங்கைக் கரையில் ஜாஜ்மவு பகுதியில் தோல் பதனிடும் தொழில் பெருகிற்று. அதில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. குதிரைப் படைகள் மறைந்த பின்னும் கான்பூர்ச் சேணம் மேலைநாடுகளுக்கு ஏற்றுமதியாகி வருகிறது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தான் ஒருநாளும் காணப்போகாத ஒரு குதிரையின் முதுகுக்காக அங்கே ஒரு தொழிலாளி ஊசியைக் கோத்துக் கொண்டிருக்கிறார்.

முடிவாக

நம் முன்னோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. அவர்களில் எத்தனை பேர் தம் குதிரையின் முதுகைத் தடவிப் பார்த்து, தம் கையாலேயே திண்டைத் தைத்துப் போட்டார்களோ, அவர்களின் கணக்கு இறைவனிடம் இருக்கிறது. ஆனால் வரலாறு என்பது பெருமைகளின் பட்டியல் மட்டுமாயின் அதனால் நமக்குப் பயனில்லை. ஆயிரத்து நானூறு குதிரைகள் வந்தன என்று எழுதும் கை, ஆண்டிறுதியில் எத்தனை எஞ்சின என்பதையும் எழுத வேண்டும்.

குதிரை வணிகம் நம்மிடமிருந்து போய்விட்டது. வணிகம் போகவில்லை. தோலும் துணியும் உணவும் மருந்தும் விற்கிறோம், செய்து கொடுக்கிறோம், செய்வித்து வாங்குகிறோம். விலை பேசும் இருவர் திருப்தியடைந்தால் வணிகம் நிறைவுற்றது என்று எண்ணுகிறோம். அதைச் சுமக்கப் போகிற மூன்றாமவர், வாய்திறந்து சொல்ல இயலாதவர், எங்கோ ஒரு மூலையில் நிற்கிறார். அவர் குழந்தையாக இருக்கலாம், கூலியாளாக இருக்கலாம், மாட்டுவண்டிக் காளையாகவும் இருக்கலாம். அவருக்குப் பொருந்துகிறதா என்று கேட்பது, ஹிதாயாவின் ஆசிரியர் ஒரு வாடகைக் கழுதைக்காகக் கேட்ட அதே கேள்விதான்.

அடுத்தமுறை வாகனத்தில் அமர்ந்து அந்த துஆவை ஓதும்போது, முதுகைப் பற்றிய அந்தச் சொல்லில் ஒரு கணம் நிற்போம். நமக்கு வசப்படுத்தித் தரப்பட்ட ஒவ்வொன்றும் ஒருநாள் நம்மிடம் கணக்குக் கேட்கும். அன்று வாய்பேசாதவையும் பேசும்.